தானாகச் சரியாகிவிடுமா? நிலத்தடி நீரின் இயற்கைத் தணிவு பற்றி ஓர் எளிய விளக்கம்

பெற்றோல் சிந்தினாலும், கராஜில் பழைய எண்ணெயைக் கொட்டினாலும், கக்கூசுக் குழி நிரம்பி வழிந்தாலும் இலங்கை மலையகத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்றுதான்: "மண் வடிகட்டிவிடும், ஒரு மழை பெய்தால் எல்லாம் போய்விடும்." இதற்கு நேர் எதிராகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். இயற்கைத் தணிவு என்ற சொல்லைக் கேட்டாலே, சும்மா இருப்பதற்கு அதிகாரிகள் வைத்த பெயர் அது என்பார்கள். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. மண்ணும் அதில் வாழும் நுண்ணுயிர்களும் சில மாசுகளை உண்மையாகவே தின்று தீர்க்கின்றன. ஆனால் எந்த மாசை, எவ்வளவு வேகத்தில், எந்த இடத்தில் என்று அளந்து பார்க்காமல் "சரியாகிவிடும்" என்று யாரும் சொல்லக் கூடாது. சட்டமும் ஒழுங்குவிதியும் தேவைப்படுவது இந்த அளத்தலுக்காகத்தான்.

டெங்கு வார்ட்டில் நடப்பது

டெங்கு வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. உடம்புதான் அதை வெல்ல வேண்டும். அதற்காக வைத்தியர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. காய்ச்சலைக் குறிக்கிறார், இரத்தத்தில் தட்டணுக்களை எண்ணச் சொல்கிறார், உள்ளே போன நீரையும் வெளியே வந்த நீரையும் கணக்கு வைக்கிறார். எண்ணிக்கை எங்கே சரிந்தால் என்ன செய்வது என்று முன்பே தீர்மானித்து வைத்திருக்கிறார். அதே நோயாளியை இரத்தம் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டு "உடம்பே பார்த்துக்கொள்ளும்" என்று சொன்னால் அது வைத்தியம் ஆகாது.

நிலத்தடி நீரிலும் இதே வித்தியாசம்தான். மாசின் அளவோ நச்சுத்தன்மையோ மனிதத் தலையீடு இல்லாமல் மண்ணுக்குள் குறைந்து வருவது இயற்கைத் தணிவு. அது போதுமான வேகத்தில் நடக்கிறதா என்று கிணறு போட்டு, மாதிரி எடுத்து, நடக்காவிட்டால் செய்ய வேண்டியதையும் தயாராக வைத்துக்கொண்டு காத்திருப்பது கண்காணிப்புடன் கூடிய இயற்கைத் தணிவு. முதலாவது இயற்கை செய்வது. இரண்டாவது ஒரு துப்புரவு முறை. அனுமதி என்று ஒன்று கொடுப்பதானால் இரண்டாவதற்கு மட்டுமே கொடுக்கலாம்.

பிளேன்டீயும் எருக்குழியும்

இரண்டு கரண்டி சீனி போட்ட பிளேன்டீயை ஒரு வாளித் தண்ணீரில் ஊற்றுங்கள். இனிப்பு தெரியாது, ஆனால் இரண்டு கரண்டி சீனியும் வாளிக்குள்தான் இருக்கிறது. இது ஐதாக்கல்: மாசு அழிவதில்லை, பரவி மெலிகிறது. தேத்தண்ணிக் கோப்பையின் உட்புறத்தில் பழுப்புக் கறை படிகிறதல்லவா, அது இரண்டாவது வழி. மாசு களிமண்ணிலும் மக்கிய இலைதழையிலும் ஒட்டிக்கொள்வதைப் புறத்துறிஞ்சல் என்பார்கள். மாசு நகர்வது தாமதமாகும், ஆனால் ஒட்டியது பிறகு கழன்றும் வரலாம். மூன்றாவது எருக்குழி. லீக்ஸ் தழையும் சாணமும் போட்டு ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் தழை இல்லை. பற்றீரியாக்கள் அதைத் தின்று காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாற்றிவிட்டன. இதுதான் உயிரியற் சிதைவு. ஆவியாதல் போன்ற வேறு சிறு வழிகளும் உண்டு.

மாசை உண்மையில் ஒழிப்பது பெரும்பாலும் மூன்றாவது வழி. முதல் இரண்டும் கணக்கில் ஏமாற்றக்கூடியவை. எனவே ஓர் அறிக்கையில் "செறிவு பாதியாகக் குறைந்தது" என்று இருந்தால் முதலில் கேட்க வேண்டியது, குறைந்தது எதனால் என்பதைத்தான்.

அதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. உப்பிலுள்ள குளோரைட்டைப் பற்றீரியா தின்னாது, மண்ணும் அநேகமாகப் பிடிக்காது. கக்கூசுக் குழிக்கு அருகே குளோரைட்டு லீற்றருக்கு 100 மில்லிகிராம், நைத்திரேற்று 80 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள கிணற்றில் 50, 40 என்று வந்தால் இரண்டும் ஒரே விகிதத்தில் மெலிந்திருக்கின்றன: வெறும் ஐதாக்கல். குளோரைட்டு 50, நைத்திரேற்று 10 என்று வந்தால் நைத்திரேற்றை ஏதோ ஒன்று தின்றிருக்கிறது. (குழிக்கு மேலே, மாசுபடாத இடத்தில் இயல்பாக இருக்கும் அளவை இரண்டிலிருந்தும் முதலில் கழித்துவிட வேண்டும்.)

பற்றீரியா எதைச் சுவாசிக்கிறது?

பெற்றோலில் உள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. குடிநீரில் லீற்றருக்கு 10 மைக்கிரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு. பென்சீன் பற்றீரியாவுக்கு உணவு, ஆனால் அதைத் தின்ன மூச்சு வேண்டும். ஒரு மில்லிகிராம் பென்சீனை முழுதாகச் சிதைக்க ஏறத்தாழ 3 மில்லிகிராம் ஒட்சிசன் தேவை. மலையகத்தின் உயரத்திலும் குளிரிலும் காற்றுப்பட்ட சுத்தமான நீரில் லீற்றருக்கு 8 மில்லிகிராம் அளவில் ஒட்சிசன் கரைந்திருக்கும். எனவே ஒரு லீற்றர் நீரில் இருக்கும் ஒட்சிசன் 2.7 மில்லிகிராம் பென்சீனைத் தீர்ப்பதற்குள் முடிந்துவிடும். கசிவுக்குக் கிட்டே மாசு இதைவிடப் பல மடங்கு இருக்கும்.

ஒட்சிசன் முடிந்ததும் பற்றீரியாக்கள் அடுத்ததைத் தேடுகின்றன: நைத்திரேற்று, பிறகு மங்கனீசு, பிறகு மண்ணில் துருவாக இருக்கும் இரும்பு, பிறகு சல்பேற்று, கடைசியில் மெதேன் வாயு உண்டாகும் நிலை. இந்த வரிசையில் பின்னால் போகப் போகப் பென்சீன் சிதையும் வேகம் பொதுவாகக் குறையும். இந்த வரிசை நிபுணர்களுக்கு ஒரு கைரேகை போன்றது. மாசுக்குள்ளே ஒட்சிசனும் நைத்திரேற்றும் காணாமல் போய், கரைந்த இரும்பும் மெதேனும் கூடியிருந்தால் உள்ளே ஏதோ தின்னப்படுகிறது என்று அர்த்தம்.

சில சமயம் இது கண்ணுக்கே தெரியும். கரைந்த இரும்பு ஊற்றுவாயில் காற்றைத் தொட்டதும் செம்மஞ்சள் கூழாகப் படியும். அதன்மேல் வானவில் நிறத்தில் மெல்லிய ஏடு மிதக்கும். எண்ணெய் என்று பலர் பயப்படுவது இதைத்தான். ஒரு குச்சியால் ஏட்டைக் கலைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து துண்டு துண்டாக விலகி நின்றால் அது பெரும்பாலும் இரும்புப் பற்றீரியாவின் ஏடு. சுழன்று வந்து மறுபடி ஒன்றாகக் கூடிக்கொண்டால் எண்ணெய். ஆனால் முதலாவது என்று தெரிந்தவுடன் நிம்மதியாகிவிட முடியாது. சதுப்பில் இலை மக்கினாலும் இந்த ஏடு வரும், மேலே பெற்றோல் சிதைந்தாலும் வரும். குச்சிச் சோதனை முதல் தகவல் மட்டுமே.

குளிரையும் மறக்கக் கூடாது. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில். தாழ்நாட்டில் 27 பாகை. வெப்பம் பத்துப் பாகை குறைந்தால் பற்றீரியாவின் வேலை ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுவான கணிப்பு. தாழ்நாட்டுக் கணக்கை அப்படியே மலைக்குக் கொண்டுவந்து "ஐந்து வருஷத்தில் சுத்தமாகும்" என்று எழுதினால் அது பிழை.

சுருக்கமாக: மெலிவது வேறு, ஒட்டுவது வேறு, அழிவது வேறு. அழிவதற்குப் பற்றீரியாவுக்கு மூச்சு வேண்டும். அந்த மூச்சு தீர்ந்துபோகும் பொருள்.

மலையில் தண்ணீர் ஓடும் விதம்

மலையகத்தின் அடிப்பாறை பழமையான உருமாறிய பாறை. அதன்மேல் பல மீற்றர் ஆழத்துக்கு மக்கிய மண், அதன்கீழ் வெடிப்புகள் ஓடும் கற்பாறை. தண்ணீர் இந்த இரண்டிலும் ஓடுகிறது, ஆனால் ஒரே வேகத்தில் அல்ல.

வீதியோரத்தில் நிலத்தடிப் பெற்றோல் தாங்கி ஒன்று கசிகிறது, 120 மீற்றர் கீழே ஒரு லயத்து மக்கள் தண்ணீர் பிடிக்கும் பீலி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீர்வேகத்தின் சூத்திரம் எளிது: மண் நீரை விடும் திறனை நீர்மட்டத்தின் சரிவால் பெருக்கி, நீர் ஓடும் இடைவெளியின் பங்கால் வகுக்க வேண்டும். திறன் நாளுக்கு 0.5 மீற்றர், சரிவு 0.05, மக்கிய மண்ணில் இடைவெளி 0.2 என்றால் வேகம் நாளுக்கு 0.125 மீற்றர். பீலிக்கு வந்து சேர 960 நாட்கள், இரண்டரை வருஷத்துக்கும் மேல். அதே நீர் பாறை வெடிப்பில் இறங்கினால்? அங்கே இடைவெளி 0.01 மட்டும். மற்ற எண்கள் அப்படியே இருந்தாலும் வேகம் நாளுக்கு 2.5 மீற்றர், வந்து சேர 48 நாட்கள்.

இந்த 48 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நோய்க்கிருமிகள் மண்ணுக்குள் செத்து மடிய நேரம் வேண்டும் என்பதால் ஜெர்மனியில் குடிநீர்க் கிணற்றின் உள்வட்டப் பாதுகாப்பு வலயத்தை 50 நாள் நீரோட்டத் தூரமாக வகுக்கிறார்கள். மேலே சொன்ன மண்ணில் 50 நாள் என்பது ஆறு மீற்றர் சொச்சம். வெடிப்பில் அது 125 மீற்றர். கக்கூசுக் குழிக்கும் பீலிக்கும் இடையே இத்தனை அடி விட்டால் போதும் என்று ஒரே அளவை எல்லா மலைக்கும் சொல்வது ஏன் ஆபத்து என்பது இதில் விளங்கும்.

வெடிப்புகள் மேல்நிலத்தின் சரிவைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உமா ஓயா நீர்மின் திட்டத்தின் சுரங்கத்துக்குள் 2014 இறுதியில் நீர் பீறிட்டபோது பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றின. மேலே நின்று பார்ப்பவருக்குச் சுரங்கத்துக்கும் தன் கிணற்றுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரிந்திராது. மாசும் இதே வழிகளில்தான் போகும்.

எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது

பெற்றோல், டீசல் போன்றவற்றில் கரைந்து வரும் பொருட்களுக்கு இந்த முறை ஓரளவு நன்றாகவே பொருந்தும். நைத்திரேற்று அப்படியல்ல. அதை நைதரசன் வாயுவாக்கும் பற்றீரியாக்களுக்கு ஒட்சிசன் இல்லாத இடமும் காபனும் வேண்டும். காற்றோட்டமான மலைச்சரிவில், உருளைக்கிழங்குக்கும் லீக்ஸுக்கும் போட்ட உரம் கரைந்து இறங்கினால் நைத்திரேற்று பெரும்பாலும் அப்படியே பயணம் செய்யும். ஓடையோரச் சதுப்பில்தான் அது குறைய வாய்ப்பு. அந்தச் சதுப்பைக் கான் வெட்டி வடித்துவிட்டால் அந்த வாய்ப்பும் போயிற்று.

இயந்திரப் பாகங்களின் கொழுப்பை நீக்கப் பயன்பட்ட குளோரீன் கலந்த கரைப்பான்கள் இன்னும் சிக்கலானவை. அவை சிதையும் வழியில் வைனைல் குளோரைட்டு உண்டாகும். அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு லீற்றருக்கு 0.3 மைக்கிரோகிராம், பென்சீனைவிடப் பல மடங்கு கடுமை. முதற்பொருள் குறைவதை மட்டும் பார்த்து மகிழ்ந்தால் பிறந்த நஞ்சு கண்ணில் படாது. ஈயம், ஆர்சனிக் போன்றவை சிதைவதே இல்லை, ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். பற்றீரியாக்கள் துருவைக் கரைக்கும்போது அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக் விடுபட்டும் வரலாம்.

அனுமதிக்கு முன் கேட்க வேண்டியவை

அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 1999 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டல்தான் இத்துறையில் அதிகம் பின்பற்றப்படுகிறது. இது கைகட்டி இருக்கும் முறை அல்ல, தானாகவே தேர்ந்தெடுக்கப்படும் முறையும் அல்ல என்பது அதன் அடிப்படை. மூன்று சான்றுகளை அது அடுக்குகிறது. முதலாவது, பல காலத்து அளவீடுகளில் மாசு தெளிவாகக் குறைந்து வருவது. இரண்டாவது, ஒட்சிசன், இரும்பு, மெதேன் போன்ற கைரேகைகள். இவை இரண்டும் போதாதபோது மூன்றாவது: அந்த இடத்து மண்ணையும் நீரையும் வைத்துச் சிதைவை நேரடியாகக் காட்டும் சோதனை.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கசிவை அடைக்க வேண்டும், தாங்கியைத் தோண்டி எடுக்க வேண்டும், நீர்மட்டத்தின் மேல் மிதக்கும் பெற்றோலை இறைக்க வேண்டும். அடுப்பில் விறகை வைத்துக்கொண்டே பானை ஆறும் என்று காத்திருக்க முடியாது. மூலத்தை நீக்காமல் இயற்கைத் தணிவு கேட்கும் விண்ணப்பத்தை அந்த இடத்திலேயே திருப்பி அனுப்பலாம்.

அடுத்தது மாசுத் தாரை, அதாவது மூலத்திலிருந்து நீரோட்டத் திசையில் வால்போல் நீண்டு கிடக்கும் மாசுபட்ட பகுதி. அது சுருங்குகிறதா, நிற்கிறதா, வளர்கிறதா? வளர்ந்துகொண்டிருந்தால் இந்த முறைக்கு இடமில்லை. நின்றாலோ சுருங்கினாலோ பேசலாம். பேசும்போது காலக் கணக்கு வேண்டும். பென்சீன் லீற்றருக்கு 5 மில்லிகிராமிலிருந்து 0.01க்கு இறங்க வேண்டுமானால் 500 மடங்கு குறைய வேண்டும், அதாவது ஒன்பது முறை பாதியாக வேண்டும். பாதியாக ஒரு வருஷம் என்றால் ஒன்பது வருஷம், மூன்று வருஷம் என்றால் இருபத்தேழு. இறைத்துச் சுத்திகரித்தால் எத்தனை வருஷம் என்பதோடு ஒப்பிட்ட பிறகே முடிவு. அந்த வருஷங்கள் முழுவதும் பீலித் தண்ணீர் பிடித்த வீடுகளுக்கு வேறு குடிநீர் யார் கொடுப்பது என்பது அனுமதிப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும்.

இலங்கையில் இதற்கான அடித்தளம் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். மத்திய சுற்றாடல் அதிகாரசபை வழங்கும் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தில் நிபந்தனைகள் வைக்கலாம். நிலத்தடி நீர் ஆய்வுக்கு நீர்வள சபை இருக்கிறது. செலவு யாருடையது என்பதிலும் ஒரு முன்னுதாரணம் உண்டு. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்க வேண்டும் என்ற கோட்பாட்டை 2019இல் உயர் நீதிமன்றம் ஏற்று இழப்பீட்டுக்குத் தீர்ப்பளித்தது. இயற்கைத் தணிவிலும் அதே நியாயம் இருக்க வேண்டும். தண்ணீர் கெட்டது என்று நிரூபிக்கும் பாரத்தை வாளியோடு பீலியில் நிற்பவர் தலையில் ஏற்றக் கூடாது. தணிகிறது என்று நிரூபிப்பது அனுமதி கேட்பவரின் வேலை.

சுருக்கமாக: மூலத்தை எடு, தாரை வளரவில்லை என்று காட்டு, எத்தனை வருஷம் என்று சொல், அதுவரைக்கும் நல்ல தண்ணீர் கொடு. இந்த நான்கும் இல்லாமல் அனுமதி இல்லை.

கண்காணிப்பு எங்கே தவறுகிறது

மேலே சொன்ன பெற்றோல் உதாரணத்துக்குக் குறைந்தது ஏழு கிணறாவது வேண்டும். மூலத்துக்கு மேலே ஒன்று, மூலத்தில் ஒன்று, ஓட்டத் திசையில் 30 மீற்றரிலும் 60 மீற்றரிலும் ஒவ்வொன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று, பீலிக்கு முன்னால் காவல் கிணறு ஒன்று. காவல் கிணற்றில் மாசு தெரிந்த நாளுக்கும் அது பீலியை அடையும் நாளுக்கும் இடையே நடவடிக்கை எடுக்க நேரம் இருக்க வேண்டும். அதனால் அதை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பது வெடிப்பின் வேகமே தவிர, நிலச் சொந்தக்காரரின் வசதி அல்ல. சில இடங்களில் மக்கிய மண்ணுக்கு ஒன்றும் பாறைக்கு ஒன்றுமாக இரட்டைக் கிணறு வேண்டும். வெடிப்பு எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் மேலே தீங்கற்ற சாயத்தை விட்டு, கீழே எந்த ஊற்றில் வருகிறது என்று பார்க்கலாம். அப்படியும் பிடிபடாத இடத்தில் இந்த முறையை அனுமதிக்காமல் இருப்பதே நல்லது. கண்காணிக்க முடியாத இடத்தில் இது பொருந்தாது என்பதே அந்த 1999 வழிகாட்டலின் நிலையும்.

மாதிரி எடுப்பதில் வரும் பிழைகள் சிறியவை போலத் தெரியும், முடிவையே மாற்றிவிடும். கிணற்றில் வாளியை விட்டு மொண்டால் தண்ணீர் கலங்கிக் காற்றுப்படும்; பென்சீன் ஆவியாகும், ஒட்சிசன் ஏறும். இரண்டு எண்ணும் பொய்யாகும். நிமிடத்துக்கு அரை லீற்றருக்கு மேற்படாமல் மெதுவாக இறைத்து, ஒட்சிசன், பீ.எச், மின்கடத்துதிறன் மூன்றும் அடுத்தடுத்த மூன்று வாசிப்பிலும் நிலைத்த பிறகே மாதிரி எடுக்க வேண்டும். 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பியைக் குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்ப வேண்டும். மூடிக் கவிழ்த்துத் தட்டும்போது ஒரு குமிழி மேலே ஓடினால் அந்தக் குப்பியை விட்டுவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். அமிலம் சேர்த்து, ஐஸ் பெட்டியில் 4 பாகையில் வைத்தால் 14 நாளுக்குள் ஆய்வுகூடத்தில் பார்த்தாக வேண்டும்.

ஆய்வுகூட அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று இருந்தால் பக்கத்திலேயே கண்டறியும் எல்லையைப் பாருங்கள். எல்லை 50 மைக்கிரோகிராம் என்றால், 10ஐத் தாண்டக் கூடாத பென்சீன் 49 இருந்தாலும் அதே வார்த்தைதான் வரும்.

மழைக்காலம் அடுத்த பொறி. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தென்மேல் பருவமழையிலும், பதுளைப் பக்கம் வடகீழ்ப் பருவமழையிலும் நீர்மட்டம் ஏறும். அப்போது எடுத்த மாதிரி ஐதாகித் "தணிந்தது" போலக் காட்டும். சில சமயம் நேர்மாறாகவும் நடக்கும்: நீர்மட்டம் ஏறி, வரட்சியில் மண்ணில் படிந்திருந்த பெற்றோலைத் தொட்டு, மாசு திடீரெனக் கூடும். ஆகவே முதல் இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது எடுத்து, வரண்ட மாதத்தை வரண்ட மாதத்தோடும் மழை மாதத்தை மழை மாதத்தோடும் ஒப்பிட வேண்டும். எல்லாக் கிணற்றின் எண்களையும் கூட்டிச் சராசரி போட்ட அறிக்கையை ஏற்கவே கூடாது. ஆறு கிணறு சுத்தமாக இருந்து காவல் கிணறு கெட்டிருந்தால், சராசரி அழகாகவே இருக்கும்.

மாற்றுத் திட்டம் எப்போது தொடங்கும் என்பதும் எண்ணாக எழுதப்பட வேண்டும். காவல் கிணற்றில் ஒரு தடவை தெரிந்தாலே மறு மாதிரி; மறு மாதிரியிலும் இருந்தால் இத்தனை நாளுக்குள் இறைத்துச் சுத்திகரிக்கத் தொடங்குதல். "தேவைப்பட்டால் நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற வரி நிபந்தனை ஆகாது. அந்த வேலைக்கும் கண்காணிப்புக்கும் வேண்டிய பணம் முன்கூட்டியே கட்டிவைக்கப்பட வேண்டும். நிறுவனம் கைமாறினாலும் மூடினாலும் ஒன்பதாவது வருஷத்து மாதிரியை எடுக்க யாராவது இருக்க வேண்டுமே.

எப்போது நிறுத்தலாம்

எல்லாக் கிணறுகளிலும் குடிநீர் அளவுக்குக் கீழே இறங்கிய நாளில் அல்ல. அதன்பிறகும் குறைந்தது இரண்டு வருஷமாவது, அதாவது இரண்டு சுற்று வரட்சியும் மழையும், அப்படியே நின்றால்தான். மூலக் கிணற்றில் எண் மறுபடி ஏறினால் மண்ணில் ஒட்டியது கழன்று வருகிறது என்று பொருள். இரண்டு வருஷக் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

நிறுத்த அனுமதி கிடைத்த பிறகு கண்காணிப்புக் கிணறுகளை அடியிலிருந்து மேல்வரை பெந்தனைற்று என்ற, நீரில் ஊறிப் பருக்கும் களியும் சீமெந்தும் கலந்து அடைக்க வேண்டும். மூடி தொலைந்து புல் மண்டிப்போன கிணறு ஒன்று போதும். அடுத்த மழையில் வீதியோரத்து எண்ணெயும் மேட்டுத் தோட்டத்து மருந்தும், மண்ணை அறவே தொடாமல், நேராகப் பாறை வெடிப்புக்குள் இறங்கிவிடும்.